கத்திரிப்பூச் சட்டை

மிளகைக் காயப்போட்டுவிட்டு ஒரு மலைக்காரி கீழ்நாட்டுக்கு பஸ் ஏறினாள் என்றால், அவள் வீட்டில் ஏதோ ஆகாத காரியம் நடந்திருக்கிறது என்று தேவனூர் நாட்டில் எவரும் சொல்லிவிடுவார்கள். மாசி மாதத்து வானத்தை நம்பி எதையும் வாசலில் விட முடியாது. பத்து மணி வரை பனி விலகாது. விலகினால் முதுகைப் பொசுக்கும். நடுவில் எங்கிருந்தோ ஒரு தூறல் வந்து, பறித்து உதிர்த்த பாட்டையெல்லாம் பூசணம் பிடிக்க வைத்துவிட்டுப் போய்விடும். கூடவே இருந்து காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாயி அன்றைக்கு இரண்டு பாய் மிளகையும் மகள் பரிமளாவிடம் ஒப்படைத்துவிட்டுப் புருஷன் முத்தனோடு கிளம்பினாள். பரிமளா அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். "மேகம் கறுத்தா அள்ளி உள்ள போட்டுர்றேன். நீ பாத்துப் போயிட்டு வாம்மா," என்றாள்.

முந்தின நாள் மாலை சேந்தமங்கலம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்திருந்தது. அடிவாரத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து வாலிபப் பிள்ளை ஒருவனின் உடலை எடுத்திருக்கிறார்கள். கிடந்து பல நாள் ஆகிவிட்டதால் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்வதற்கில்லை. மகனைக் காணோம் என்று சொல்லி வைத்திருந்தீர்களே, செத்துக் கிடந்த பையன் போட்டிருந்த சட்டையை வந்து பாருங்கள் என்றார்கள்.

கண்ணாயிக்கும் முத்தனுக்கும் அருள்ராஜ் ஒரே மகன். போர்வெல் லாரியில் ஆந்திரா, மகாராஷ்டிரா என்று குழாய் இறக்கப் போய்க்கொண்டிருந்தவன். பொங்கலுக்கு வந்தபோது, இனி லாரி வேலை வேண்டாம், வாசலூர்பட்டியில் படகு விடுகிற ஏரிக்குப் பக்கத்தில் டீக்கடை போடுகிறேன், காட்டில் நிற்கிற சில்வர் ஓக் மரங்களை விற்றுக் கொடுங்கள் என்று கேட்டான். அத்தனையும் மிளகுக்கொடி ஏறியிருக்கிற மரங்கள். முத்தன் ஒவ்வொன்றிலும் ஏணி வைத்து ஏறி இறங்கியே வயதானவர். வார்த்தை தடித்தது. சாப்பிட வந்திருந்த உறவு சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். "போடா. செத்தாலும் எனக்குச் சேதி வரக்கூடாது," என்றார். கோபம் வந்தால் எல்லா அப்பன்மாரும் பேசுகிற பேச்சுதான் அது. அவன் மேலே போட்டிருந்த பொங்கல் சட்டையோடு மலை இறங்கிப் போனான். லாரிக்கும் போகவில்லை. போனும் அணைந்துவிட்டது. அன்றிலிருந்து முத்தன் தட்டில் போட்ட களியை உருட்டுவார், உருட்டிக்கொண்டே இருப்பார், எழுந்து கை கழுவிவிடுவார்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முத்தன் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நம்மவனா இருக்காது புள்ள."

"ஆமாங்க."

"அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமே. சின்னதுல ஏரியிலயே குதிச்சுக் கெடந்தவன், கெணத்துல எப்படிப் போவான்?"

"ஆமாங்க."

"சிநேகிதக்காரன் எவன் ஊட்டுலயாவது கெடப்பான். ரோசக்காரன். நான் போய்க் கூப்புடோணும்னு இருப்பான்."

"ஆமாங்க."

"என்ன புள்ள, எதைச் சொன்னாலும் ஆமாங்க ஆமாங்கன்னே சொல்ற?"

"வேற என்னங்க சொல்லட்டும்?"

கடைசி வளைவு தாண்டியதும் பனி போய் வெயில் அடித்தது. கண்ணாயி போர்த்தியிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். அந்தச் சட்டை நீலமாக இருக்கக்கூடாது. வழியில் தெரிந்த ஒவ்வொரு கோயிலையும் பார்த்து அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு சின்னுசாமி நல்ல மனுஷர். இருவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "ரெண்டு பேரும் மனசைத் திடப்படுத்திக்குங்க. ஆளு யாருன்னு இன்னும் ஒண்ணும் முடிவாகலீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஜன்னல் கிடையாது. ஊர் உலகமெல்லாம் வெள்ளை விளக்குக்கு மாறிவிட்டாலும் அந்த அறைக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஏட்டு ஒரு கவரைப் பிரித்து சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். காய்ந்து விறைத்துப் போயிருந்தது.

முத்தன் குனிந்து பார்த்தார். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது இல்லீங்க," என்றார்.

"நல்லாப் பாருங்க பெரியவரே. அவசரமில்ல."

"இது கத்திரிப்பூக் கலருங்க. எம்பையன் போட்டிருந்தது நீலமுங்க. பொங்கலன்னிக்குப் போட்டுக்கிட்டு வாசல்ல வெயில்ல நின்னான். இந்தக் கண்ணாலதான பாத்தேன். நல்ல நீலமுங்க."

"தண்ணியில கெடந்து நிறம் மாறியிருக்கலாமில்ல?"

"வெளுத்திருந்தா வெளுத்த நீலமாத்தான இருக்கோணும். நீலம் எப்படிங்க கத்திரிப்பூவாகும்?" முத்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்தது. "எவன் பெத்த புள்ளையோ. அந்த ஊட்டுல என்ன பாடு படுறாங்களோ," என்று தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

ஏட்டு கண்ணாயியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. சட்டை எடுத்தது யாரு?"

"நாந்தானுங்க."

"என்ன கலர் எடுத்தீங்க?"

கண்ணாயி மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தச் சட்டையை அந்த நிறத்தில் அவளுக்குத் தெரியும்.

பொங்கலுக்கு முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரியிலேயே ஏறி சேந்தமங்கலம் வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜவுளிக்கடையில் எடுத்தது. பண்டிகைக் கூட்டம். கடை முழுக்கத் தங்கத்தை உருக்கி ஊற்றினாற்போல மஞ்சள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் விலை குறைந்த துணி கூடப் பட்டு மாதிரி மின்னியது. துணி எடுத்துப் போட்ட அருணா என்கிற பெண் அந்தச் சட்டையை விரித்ததும் கண்ணாயிக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. அசல் கத்திரிப்பூ. மகனுடைய மாநிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்தாள். "வாசல்ல வெளிச்சத்துல ஒருவாட்டி பாத்துக்குங்கக்கா. இந்த லைட்டுல கொஞ்சம் மாத்திக் காட்டும்," என்றாள் அருணா. வாசலுக்குப் போக வேண்டுமானால் அத்தனை கூட்டத்தையும் பிளந்துகொண்டு போய் வர வேண்டும். "மலைக்குப் போற பஸ்ஸு போயிரும் கண்ணு. கட்டிக் குடு," என்று வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் வைத்துப் பிரித்தால் சட்டை நீலமாக இருந்தது. கண்ணாயி பதறிப்போய் மகனைக் கூப்பிட்டாள். "கீழ்நாட்டுக்காரி வேற சட்டைய வெச்சுக் கட்டிட்டாளே சாமி." அருள்ராஜ் சட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சமையல் மூலைக்குள் கொண்டுபோய் அடுப்பு நெருப்புக்குக் கிட்டப் பிடித்தான். நீலம் போய் கத்திரிப்பூ வந்தது. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்மா, ஒரு சட்டைன்னு சொல்லி ரெண்டு சட்டை எடுத்தாந்திருக்கிற. அடுப்புகிட்ட ஒண்ணு, வாசல்ல ஒண்ணு." அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "உங்கப்பங்கிட்டச் சொல்லாத கண்ணு. நெறம் பாத்து ஒரு துணி எடுக்கத் தெரியாதான்னு மானத்த வாங்குவாரு," என்று கேட்டுக்கொண்டாள். அவனும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. முத்தன் அந்தச் சட்டையைப் பார்த்ததெல்லாம் பகல் வெளிச்சத்தில்தான்.

"என்னம்மா, ஞாபகம் இல்லீங்களா?" என்றார் ஏட்டு.

முத்தன் அவளைப் பார்த்தார். ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் அப்போதுதான் உயிர் வந்திருந்தது. ஈரக் கண்ணோடு, சொல்லு புள்ள என்று தலையை ஆட்டினார்.

"அவரு சொல்றதுதானுங்க," என்றாள் கண்ணாயி. "நீலமுங்க."

அது பொய்யும் இல்லை. வெயிலில் அது நீலம்தான். பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை அவளால் சொல்லியிருக்க முடியாது.

ஏட்டு சட்டையை மறுபடி கவருக்குள் வைத்தார். "அப்பச் சரி. இன்னும் ரெண்டு மூணு ஊருக்குச் சொல்லிவிட்டிருக்கறோம். யாரும் வரலீன்னா நாங்களே அடக்கம் பண்ணிருவோம்."

"எங்கீங்க?" என்றாள் கண்ணாயி.

"அதுக்குன்னு நாமக்கல்லுல ஒரு எடம் இருக்குதும்மா. கேக்க ஆளில்லாததுகளைப் பொதைக்கற எடம். வெள்ளிக்கெழம வரைக்கும் பெரியாஸ்பத்திரியில வெச்சிருப்பாங்க."

கண்ணாயி அந்தக் கிழமையை மனசுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குப் புதன்.

வெளியே வந்ததும் முத்தன் செய்த முதல் காரியம், பசிக்கிறது என்று சொன்னது. மகன் போன நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஓட்டலுக்குள் அவளைத் தள்ளாத குறையாகக் கூட்டிப்போனார். இட்லி வைத்ததும் குழம்பு வரும் வரைக்கும் கூடப் பொறுக்கவில்லை.

"திங்கு புள்ள. என்ன பாத்துக்கிட்டே இருக்கற?"

"தின்னுட்டுத்தான் இருக்கறேன். நீங்க தின்னுங்க."

"அந்தப் பேச்ச நான் பேசியிருக்கக் கூடாது. நாக்குல சனி. ராத்திரியில கண்ண மூடுனா அந்தப் பேச்சுத்தான் காதுல கேக்குது. போன் வந்ததும் ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு, நாம கேட்டது நமக்கு வந்திருச்சுடான்னு."

"கோவத்துல பேசறதுதானுங்க."

"கோவமாவது கீவமாவது. மரத்த வித்துக் குடுத்துர்லாம் புள்ள. கொடிய என்ன, பக்கத்து மரத்துல ஏத்திவிட்டா ஏறிட்டுப் போவுது. டீக்கடை போடட்டும். படகு ஏற வாரவனெல்லாம் டீக் குடிக்காமயா போவான்? நான் கல்லாவுல உக்காந்துக்கறேன். நீ பலகாரம் சுட்டுப் போடு."

"சரீங்க."

"பரிமளா ஊட்டுக்காரனைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே தேடப் போறேன். லாரி ஆபீஸ்ல ஒருத்தன் உடாம விசாரிக்கோணும். கால்ல உழுந்தாவது கூட்டியாந்துருவேன். மகன் கால்ல உழுந்தா என்ன, கொறஞ்சா போயிருவேன்?"

அவர் இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டார். கண்ணாயி தன் இலையில் இருந்ததைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கதறி அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனைப் பார்க்கும்போது, இந்த ஒரு வேளையாவது வயிறு நிறையத் தின்னட்டும் என்றுதான் தோன்றியது. நாளைக்குப் பரிமளாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து ஏட்டிடம் சொல்லிவிட வேண்டும். கேட்க ஆளில்லாத பிள்ளையாக அவனை விட்டுவிட முடியாது. இவரிடம் எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், பெற்றவரே அது அவன் இல்லை என்று அடித்துச் சொல்கிறாரே, ஒருவேளை அவர் சொல்வதே மெய்யாக இருந்துவிடாதா என்றும் அந்தப் பாழும் மனசு நப்பாசைப்பட்டது. கத்திரிப்பூ நிறத்தில் உலகத்தில் வேறு சட்டையே கிடையாதா என்ன?

கை கழுவிவிட்டு வந்த முத்தன், "வா புள்ள, பையனுக்கு ஒரு சட்டை எடுத்துர்லாம்," என்றார்.

கண்ணாயிக்குத் திக்கென்றது. "இப்ப எதுக்குங்க?"

"வெறுங்கையோடயா போய்க் கூப்புடறது? அடிச்ச கை இது. ஒரு சட்டையாவது குடுக்க வேண்டாமா?"

"மெளகு கெடக்குதுங்க. மேகம் போட்டுருச்சுன்னா அத்தனையும் போயிரும்."

"பரிமளா பாத்துக்குவா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது."

"நாளைக்கு எடுத்துக்கலாங்க."

"நாளைக்கு நான் அவனைத் தேடிப் போகோணுமில்ல?" என்று சொல்லிக்கொண்டே முத்தன் நடந்துவிட்டார். சேந்தமங்கலத்தில் ஜவுளிக்கடைக்குப் பஞ்சமில்லை. அவர் கால் போனது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்கே. அதுதான் கிட்ட இருந்தது.

பண்டிகை இல்லாத நாள் என்பதால் கடை வெறிச்சோடிக் கிடந்தது. விளக்குகள் மட்டும் குறையில்லாமல் எரிந்தன. அருணா கண்ணாயியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆயிரம் முகம் பார்க்கிறவள். "வாங்கண்ணா, வாங்கக்கா, யாருக்குப் பாக்கறீங்க?" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள்.

"எம்பையனுக்குக் கண்ணு. என்ன மாதிரியே ஒசரம். என்னவிட மாரு அகலம்."

"என்ன கலர் போடட்டுங்கண்ணா?"

"எதுன்னாலும் போடு. கத்திரிப்பூ மட்டும் வேண்டாம்."

அருணா அடுக்கடுக்காக எடுத்துப் போட்டாள். கண்ணாயி ஒன்றையும் தொடவில்லை. முத்தனுக்குச் சந்தன நிறத்தில் ஒரு சட்டை பிடித்துப் போனது. கடை வெளிச்சத்தில் அரைத்து வைத்த சந்தனம் போலவே குளிர்ச்சியாக இருந்தது. தன் மார்பில் வைத்துப் பார்த்தார். தோளை அளந்தார். "இதைக் கட்டும்மா," என்றார்.

"வாசல்ல வெளிச்சத்துல ஒருவாட்டி பாத்துக்குங்கண்ணா. இந்த லைட்டுல கொஞ்சம் மாத்திக் காட்டும்."

"அதெல்லாம் வேண்டாங் கண்ணு," என்று கண்ணாயி இடையில் விழுந்து சொன்னாள். குரல் அவளுக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்குது. கட்டிக் குடு."

"இரு புள்ள. அந்தப் பொண்ணே சொல்லுது, பாத்தா என்ன கெட்டுப் போச்சு?" முத்தன் சட்டையைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போனார். கண்ணாயி நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

படியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் சட்டையை உதறி வெயிலில் பிடித்தார். சந்தனம் போன இடம் தெரியவில்லை. சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. முத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கொண்டுவந்து பார்த்தார், சந்தனம். படிக்குப் போய்ப் பார்த்தார், வெள்ளை.

"இங்க பாரு புள்ள இந்தக் கூத்த. உள்ள ஒரு நெறம், வெளிய ஒரு நெறம். இப்படித்தான் நம்மளையெல்லாம் ஏமாத்தறானுங்க. ஊட்டுக்குக் கொண்டு போய்ப் பிரிச்சாத்தான்..."

சிரித்த வாய் அப்படியே திறந்திருந்தது. சட்டையைப் பார்த்தார். தலைக்கு மேல் எரிந்த மஞ்சள் விளக்கை அண்ணாந்து பார்த்தார். பிறகு கண்ணாயியைப் பார்த்தார்.

"கண்ணாயி," என்றார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். "பொங்கலுக்கு எடுத்தது எந்தக் கடையில?"

"இங்கதானுங்க."

"இந்த லைட்டுலயா?"

"ஆமாங்க."

"அப்ப அது என்ன நெறமா இருந்துச்சு?"

கண்ணாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் சொல்லாமல் இருந்தால் அவர் இன்னொரு தடவை கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் கேட்காமல் போனால் இருவரும் பஸ் ஏறிப் போய்விடலாம். வெள்ளிக்கிழமையும் வந்து போய்விடும்.

"கத்திரிப்பூங்க," என்றாள்.

முத்தன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டில் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. கடைக்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுதான் நீலம்னியா?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு வேற சொல்ல வாய் வரலீங்க. ஒரு வாய் நிம்மதியாத் திங்கட்டும்னு இருந்துட்டேன். நாளைக்கு வந்து சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேனுங்க."

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எவன் பெத்த புள்ளையோன்னு சொன்னனே புள்ள," என்றார் மெதுவாக. "அவன் சட்டைய வெச்சுக்கிட்டே சொன்னனே." பிறகு குழந்தையைத் துடைக்கிற மாதிரி அந்தச் சட்டையைத் தடவி மடிக்க முயன்றார். மடிப்பு நேராக வரவில்லை. கண்ணாயி வாங்கி மடித்தாள்.

நடந்தது ஒன்றும் புரியாமல் அருணா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெள்ளை பிடிக்கலைங்களாண்ணா? வேற கலர் காட்டட்டுமா?"

"வேண்டாங் கண்ணு. இதுவே இருக்கட்டும். அவனுக்குப் போட்டு அனுப்ப ஒண்ணு வேணுமில்ல," என்றார் முத்தன்.

வெளியூரில் இருக்கிற மகனுக்கு அனுப்புகிறார்கள் என்று அருணா நினைத்துக்கொண்டாள். சட்டையைக் கவரில் போட்டு பில்லையும் உள்ளே வைத்து நீட்டினாள். "அளவு சேரலீன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வாங்கண்ணா, மாத்தித் தாரோம். பில்லு மட்டும் தொலைச்சிராதீங்க."

"மாத்த வரமாட்டோம் சாமி," என்றார் முத்தன்.

மலைக்குப் போகிற பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. இருவரும் அதைத் தாண்டி ஸ்டேஷன் இருக்கிற தெருவுக்குள் நடந்தார்கள். கவரைத் தான் வைத்துக்கொள்கிறேன் என்று கண்ணாயி இரண்டு தடவை கேட்டாள். முத்தன் கொடுக்கவில்லை.